கிணறு வெட்டத் தெரிந்தவர்கள் நாம். கிணற்றை மூடத் தெரியுமா?

 

நம்ம கோயில் பின்பக்கம் இருக்கிற பழைய தோட்டத்துக் கிணற்றைப் பற்றி நிறைய பேர் கேட்டுக்கிட்டே இருக்கிறீர்கள். "ரெண்டு லோரி மண்ணைக் கொட்டினா முடிஞ்சு போச்சு, இதுக்குப் போய் மாசக்கணக்கா கூட்டம் போடுறீங்களே" என்று ஒரு பக்கம். "அம்மனுக்கு அபிஷேகம் பண்ணின தீர்த்தக் கிணறு, அதை மூடினால் பாவம் இல்லையா" என்று வயசான அம்மாமார்கள் இன்னொரு பக்கம். ரெண்டு கேள்விக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. எங்கள் தொண்டர் குழுவில் பாதிப் பேர் தொழிற்சாலை ஆட்கள். அஞ்சாம் படிவத்தோடு படிப்பை முடித்தவர்கள். ஆனாலும் இந்தக் கிணற்று விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, இது கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாய்ப் போய், கடைசியில் ஒரு சரித்திரமே கிடைத்தது. கொஞ்சம் நீளம்தான். ஒரு டீ போட்டுக்கிட்டு உட்காருங்கள்.

முதலில் நம்ம ஜொகூரையே எடுத்துக்கொள்வோம். 1900களின் தொடக்கத்தில் இங்கே காட்டை அழித்து ரப்பர் போட்டார்கள். 1909-ல் ஜொகூர் ரயில் பாதை முடிந்தது. குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று பாதை ஓரமெல்லாம் தோட்டங்கள் பெருகின. ஜொகூர் பாருவில் இராஜமாரியம்மன் கோயில் 1911-ல் எழுந்தது. நம்ம ஆட்கள் கப்பல் ஏறி வந்து லயத்தில் குடியேறினார்கள். லயத்துக்கு ஒரு கிணறு, கோயிலுக்கு ஒரு கிணறு. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொடுக்க ஜொகூர் 1927-லேயே ஒப்பந்தம் போட்டு, குனோங் பூலாய் மலைத் தண்ணீர் குழாயில் போக வழி பண்ணினார்கள். அந்தக் குழாய் போன வட்டாரத்திலேயே நம்ம தாத்தா பாட்டிகள் அதற்குப் பிறகும் பல வருஷம் வாளியும் கயிறுமாய்க் கிணற்றடியில் நின்றார்கள். 1966-ல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச வசதி வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் பல தோட்டங்களில் குழாய்த் தண்ணீர் ஒழுங்காய் எட்டிப் பார்த்தது.

குழாய் வந்ததும் கிணற்றை மறந்துவிட்டோம். பிறகு தோட்டத்தையே விற்றார்கள். ரப்பர் போய்ச் செம்பனை, செம்பனை போய்த் தாமான். லயத்தை இடித்தார்கள், கோயிலை நகர்த்தினார்கள், கிணறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. மேலே ஒரு பலகை, அதற்கு மேல் லாலாங் புல்.

அந்தக் கிணறுகளை எப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்தால்தான் எப்படி மூடுவது என்று புரியும். செம்மண் இறுக்கமாய் இருந்த மேட்டுத் தோட்டங்களில் சும்மா வெட்டி விட்டாலே கரை நிற்கும். மணல் உள்ள இடத்தில் சரியும். அங்கே மரப் பலகை, செங்கல், பிற்காலத்தில் சிமெண்டு ரிங்கு. அந்த ரிங்கு என்னமோ வெள்ளைக்காரன் கொண்டுவந்தது மாதிரி நினைக்கிறோம். கிடையாது. சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2015-லிருந்து தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்களே, அங்கே கிடைத்ததில் முக்கியமானது உறைகிணறு. சுட்ட களிமண்ணில் வளையம் வளையமாய்ச் செய்து ஒன்றின் மேல் ஒன்றாய் இறக்கிய கிணறு. பட்டினப்பாலையிலும் உறைகிணறு பற்றிப் பேச்சு வருகிறது. ஆக, கடன் வாங்கின யோசனை இல்லை. நம்ம ஆளுங்க இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் களிமண்ணில் செய்ததைத்தான் நாம் சிமெண்டில் செய்கிறோம்.

உறை எதற்கு? கரை சரியாமல் இருக்க என்பது பாதிப் பதில். மேலே ஓடுகிற அழுக்குத் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து உள்ளே இறங்கக் கூடாது என்பது மீதி. பூமிக்குள்ளே தண்ணீர் ஒரே குளம் மாதிரி கிடப்பதில்லை. மேல்மண் தண்ணீர், நடுவில் களி அடுக்கு, அதற்குக் கீழே நல்ல தண்ணீர் என்று அடுக்கடுக்காய் இருக்கும். களி அடுக்குதான் மேலே இருக்கிற சாக்கடையைக் கீழே விடாமல் காவல் காக்கிறது. நாம் கிணறு வெட்டும்போது அந்தக் காவலில் ஓட்டை போடுகிறோம். நன்றாகக் கட்டிய உறையும் மேடையும் அந்த ஓட்டையைப் பத்திரமாய் வைத்திருக்கும். உறை வெடித்து, மேடை இடிந்து, கவனிப்பார் இல்லாமல் போனால் அதே கிணறு அழுக்கு நேராய்க் கீழே இறங்குகிற குழாயாய் மாறிவிடும்.

இந்த அடைக்கிற சாமான் இருக்கிறதே, அதன் கதைதான் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது.

நம்ம கோயில்களைக் கட்டின சுண்ணாம்புச் சாந்தை எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் அல்லது கருப்பட்டி, செக்கில் மாடு கட்டி அரைப்பார்கள். நூற்றுக்கணக்கான வருஷம் நிற்கும். ஆனால் வெறும் சுண்ணாம்புச் சாந்துக்கு ஒரு குறை உண்டு. அது காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது. காற்றுப் படாத இடத்தில், தண்ணீருக்குள்ளே, இறுகாது. அதற்கு மருந்து சுட்ட மண். செங்கல்லைப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்தால் தண்ணீருக்குள்ளேயும் கெட்டியாகும். சுர்க்கி என்று சொல்வார்கள். பென்னிகுயிக் துரை கட்டி 1895-ல் முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரைதான். ரோமாபுரிக்காரர்கள் செங்கல் பொடியோடு எரிமலைச் சாம்பலையும் போட்டார்கள். வேதம் ஒன்றுதான், மந்திரம் வேறு.

திருச்சி பக்கம் திருவெள்ளறைக்குப் போன அன்பர்கள் அங்கே ஸ்வஸ்திக வடிவக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். மாற்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்தது. நாலு பக்கமும் படி, ஒரு படியில் இறங்குகிறவருக்கு இன்னொரு படியில் இருப்பவர் தெரியாது. கிட்டத்தட்ட 1200 வருஷம். இன்னும் நிற்கிறது. திருச்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்த மாவட்டத்துக்கே போகப் போகிறோம், ஆனால் இவ்வளவு பெருமையான விஷயத்துக்கு இல்லை.

சிமெண்டுக்கு வருவோம். 1756 வாக்கில் இங்கிலாந்தில் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் கடலுக்கு நடுவில் கலங்கரை விளக்கம் கட்டப் போனார். அலை அடிக்கிற இடத்தில் எந்தச் சுண்ணாம்பு இறுகும் என்று சோதித்துப் பார்த்ததில், களிமண் கலந்திருக்கிற சுண்ணாம்புக்கல்தான் தேறியது. அந்த வழியில் போய் 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். போர்ட்லாண்ட் என்பது ஒரு கல்லின் ஊர். அந்தக் கல் மாதிரி இருக்கிறது என்று வைத்த பெயர். இந்தியாவில் முதல் முயற்சி நம்ம சென்னையில்தான், 1904-ல், கடல் சிப்பியிலிருந்து.

இங்கே ஒரு சின்னச் செய்தி, வீட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு உதவும். சுண்ணாம்புச் சாந்தில் வெல்லம் போடுவது பழைய முறை. அதை நினைத்துக்கொண்டு சிமெண்டில் சீனியோ வெல்லமோ போட்டால் கெட்டது கதை. கொஞ்சம் சீனி பட்டாலே சிமெண்டு இறுக மறுக்கும். எண்ணெய்க் கிணற்று ஆட்கள் இதையே உபாயமாய் வைத்துக்கொள்கிறார்கள். வேண்டாத இடத்தில் சிமெண்டு இறுகிவிடும் போலிருந்தால் சீனியைத்தான் கொட்டுவார்கள்.

எண்ணெய்க் கிணற்றுக்கும் அம்மன் கோயில் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஆழமான குழாய்க் கிணற்றை அடைக்கிற முறையை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தது அவர்கள்தான், காரணம் அவர்களுக்குத்தான் அதிகமாய் அடி விழுந்தது.

நூறு வருஷத்துக்கு முன்னால் எண்ணெய் தோண்டுகிறவர்களுக்குப் பெரிய எதிரி தண்ணீர். மேல் அடுக்குத் தண்ணீர் குழாயின் வெளிப்பக்கமாகவே இறங்கிக் கீழே உள்ள எண்ணெயைக் கெடுத்துவிடும். 1903-ல் கலிபோர்னியாவில் லோம்போக் என்ற இடத்தில் ஃபிராங்க் ஹில் என்பவர் ஐம்பது மூட்டை சிமெண்டைக் கரைத்துக் கிணற்றின் அடியில் இறக்கினார். 28 நாள் காத்திருந்து துளைத்துப் பார்த்தால் தண்ணீர் நின்றிருந்தது. ஆனால் மேலிருந்து கொட்டினால் எல்லா நேரமும் சரிவராது. இறங்குகிற வழியில் தண்ணீரும் சேறும் கலந்து சிமெண்டு கஞ்சியாகிவிடும். 1910-ல் பெர்கின்ஸ் என்பவர் அதற்கு ஒரு வழி கண்டார். குழாய்க்குள் ஒரு கட்டை, அதன் மேல் சிமெண்டுக் குழம்பு, அதற்கு மேல் இன்னொரு கட்டை. மேலிருந்து அமுக்கினால் முறுக்கு உரலில் மாவு இறங்குகிற மாதிரி சிமெண்டு குழாயின் அடி வரைக்கும் போய், வெளிப்பக்கமாய்த் திரும்பி மேலேறி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள சந்தை அடைக்கும். சேறோடு கலக்காது. இவரிடம் வேலை பார்த்த ஹாலிபர்ட்டன் என்ற ஆள் 1919-ல் ஓக்லஹோமாவில் சொந்தமாய்த் தொழில் தொடங்கி, சிமெண்டையும் தண்ணீரையும் ஒரே சீராய்க் கலக்கிற இயந்திரம் செய்தார். இன்றைக்கு உலகம் முழுக்க அந்தப் பெயர் தெரியும். பெங்கேராங்கில் எண்ணெய்த் துறை வேலைக்குப் போகிற நம்ம பிள்ளைகளைக் கேளுங்கள்.

நம்ம நாட்டு முதல் எண்ணெய்க் கிணறு சரவாக்கில் மீரி மலை மேலே 1910 டிசம்பர் 22-ல் எண்ணெய் கொடுத்தது. 1972 வரைக்கும் கொடுத்துவிட்டு ஓய்ந்தது. இப்போது காட்சிப் பொருள். சுற்றுலா போனால் பாருங்கள்.

பெர்கின்ஸ் காலத்திலிருந்து இன்றுவரை விதி ஒன்றுதான்: கிணற்றைக் கீழேயிருந்து மேலே அடைக்கணும். மேலேயிருந்து கீழே இல்லை. இவ்வளவு இயந்திரம் இருந்தும் சிமெண்டு சரியாய்ப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2010-ல் உலகம் பார்த்தது. ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா. கடலுக்கு அடியில் தோண்டிய கிணற்றின் அடிப்பக்கத்தில் போட்ட சிமெண்டு பிடிக்கவில்லை. எரிவாயு மேலே ஏறி வெடித்து 11 பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. கடைசியாய்ப் பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி, அதன் வழியாய் அடியில் சிமெண்டு செலுத்தித்தான் செப்டம்பரில் அடைத்தார்கள்.

அதே 2010-ஆம் வருஷம் பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி ஓர் உத்தரவு போட்டது. குழந்தைகள் விழுந்துகொண்டே இருந்தார்கள். 2006-ல் ஹரியானாவில் ஒரு பையன் விழுந்து, இரண்டு நாளைக்கு மேல் உள்ளே இருந்து உயிரோடு வந்தான். தொலைக்காட்சியில் நாமும் பார்த்தோம். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. உத்தரவு என்ன சொன்னது தெரியுமா? பயன்படாத ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், கூழாங்கல் போட்டு நிரப்ப வேண்டும். பயன்பாட்டில் இருக்கிற கிணற்றுக் குழாயைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமெண்டு மேடை, தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர். குழாய் வாயில் இரும்புத் தகட்டை வெல்டிங் வைக்க வேண்டும், அல்லது கெட்டியான மூடி போட்டு போல்ட்டு நட்டு முடுக்க வேண்டும். படித்துப் பாருங்கள், இதில் கஷ்டமான வேலை ஏதாவது இருக்கிறதா? நம்ம தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு ஆள் ஒருத்தர் அரை நாளில் செய்துவிடுவார்.

இப்போது திருச்சிக்குத் திரும்புவோம். 2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை சாயந்திரம். மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டி. இரண்டு வயசுக் குழந்தை, வீட்டுப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தவன், கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டான். கிணறு 600 அடி. முதலில் முப்பது அடிக்குக் கிட்டே நின்றவன் பிறகு 88 அடிக்கு நழுவிப் போனான். பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டிப் போகலாம் என்று பெரிய பெரிய துளை இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். பாறை விடவில்லை. 27-ஆம் தேதி தீபாவளி. நம்ம வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பலகாரத்தட்டை வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். நம்ம கோயிலில் அன்றைக்கு அர்ச்சனைச் சீட்டில் அந்தக் குழந்தை பெயரை எழுதினவர்கள் எத்தனை பேர். 29-ஆம் தேதி விடியற்காலையில் உடலைத்தான் எடுத்தார்கள்.

உத்தரவு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கென்று தனி விதியே 2015-ல் வந்திருந்தது. 2017-ல் 'அறம்' படம் வந்து எல்லோரும் அழுதுவிட்டு வந்திருந்தோம். 1200 வருஷம் நிற்கிற கிணறு கட்டின அதே மாவட்டத்தில், ஓர் இரும்புத் தகடு இல்லாமல் ஓர் உயிர் போயிற்று. இதை நாங்கள் இந்தியாவைக் குறை சொல்ல எழுதவில்லை. அந்தத் தீபாவளி வாரத்தில்தான் நம்ம தொண்டர்கள் சிலர் பாராங் கத்தியோடு கோயில் நிலம் முழுக்கப் புல்லை வெட்டிப் பார்த்தார்கள். பெரிய கிணறு எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, தேவார வகுப்புப் பிள்ளைகள் பந்து விளையாடுகிற பக்கம், தரையோடு தரையாய் ஆறு அங்குலக் குழாய் வாய் ஒன்று இருந்தது. தோட்ட நிர்வாகம் எப்பவோ போட்ட குழாய்க் கிணறு. அதன் மேல் ஒரு பெயிண்ட் டின் மூடியைக் கவிழ்த்துக் கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். டின் மூடி துருப்பிடித்துக் கையால் தொட்டாலே உதிர்ந்தது. கல்லைக் கட்டி விட்டுப் பார்த்தோம், 96 அடி கயிறு போயிற்று.

அன்றைக்கே தகடு வைத்து வெல்டிங் போட்டாயிற்று. பயப்பட வேண்டாம். ஆனால் மூடி போடுவது வேறு, அடைப்பது வேறு. மூடி குழந்தையைக் காப்பாற்றும். தண்ணீரைக் காப்பாற்றாது. அதே 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சுங்கை கிம் கிம்-இல் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டி, ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி, 111 பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஆற்றில் கொட்டினால் நாற்றம் அடிக்கும், பிடித்துவிடலாம். ஆள் இல்லாத இடத்தில் வாய் திறந்து கிடக்கிற குழாய்க் கிணற்றில் ஒரு டிரம் கழிவை ஊற்றினால் யாருக்குத் தெரியும்? தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம், எண்ணெய்க் கழிவு எப்படியெல்லாம் காணாமல் போகும் என்று எங்களுக்குத் தெரியும்.

அடைக்கிற வேலை எப்படி நடக்கணும் என்று சொல்கிறோம். நிபுணர்கள் வந்துதான் செய்வார்கள், ஆனால் பணம் கொடுப்பது நீங்கள், தெரிந்துகொண்டு கொடுங்கள்.

குழாய்க் கிணற்றுக்கு முதலில் ஆழத்தை அளந்து, உள்ளே பழைய பம்பு, கயிறு, குச்சி எது கிடந்தாலும் எடுக்கணும். பிறகு ஒரு சின்னக் குழாயை அடி வரைக்கும் இறக்கி, அதன் வழியாய்ச் சிமெண்டுக் குழம்பைப் பம்பு பண்ணணும். குழம்பு அடியிலிருந்து ஏற ஏற, பழைய தண்ணீர் மேலே வழிந்து வெளியேறும். சின்னக் குழாயின் நுனி எப்போதும் குழம்புக்குள்ளேயே முங்கி இருக்கணும், வெளியே எடுத்துவிட்டால் தண்ணீர் புகுந்து நடுவில் ஓட்டை விழும். மணலும் கல்லும் சேர்க்காத வெறும் சிமெண்டு. 50 கிலோ மூட்டைக்கு 23-லிருந்து 26 லிட்டர் தண்ணீர். நம்ம ஆட்கள் வேலை சுலபமாகட்டும் என்று இன்னும் ஒரு வாளி ஊற்றுவார்கள் பாருங்கள், அங்கேதான் கெடும். தண்ணீர் கூடினால் இறுகும்போது சுருங்கி, ஓரத்தில் மயிரிழை இடைவெளி விடும். அந்த மயிரிழை போதும். ஆறு அங்குலக் குழாய்க்கு நூறு அடி ஆழம் என்றால் ஏறக்குறைய பதினான்கு மூட்டை. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், பதினான்கு மூட்டை பிடிக்க வேண்டிய கிணறு ஐந்து மூட்டையில் நிரம்பிவிட்டால் சந்தோஷப்படக் கூடாது. நடுவில் எங்கோ அடைத்துக்கொண்டு கீழே காலியாய் நிற்கிறது என்று அர்த்தம். மேலிருந்து மண்ணையும் கல்லையும் கொட்டினாலும் இதே கதைதான். பாதியில் சிக்கும், மேலே நிரம்பின மாதிரி தெரியும், நாலு மழை பெய்தால் திடீரென்று இறங்கும். இறங்குகிற நேரத்தில் அதன் மேல் யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது.

சிமெண்டோடு பென்டோனைட் என்ற களியையும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சேர்ப்பது உண்டு. அமெரிக்காவில் ஃபோர்ட் பென்டன் என்ற இடத்துப் பாறையை வைத்து 1898-ல் வந்த பெயர். தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதுகிற களி. அதனால் சுருக்கம் குறையும். களியைத் தனியாய்ச் சின்னக் கட்டிகளாய்ப் போட்டும் அடைக்கலாம், ஆனால் கைப்பிடி கைப்பிடியாய் நிதானமாய்ப் போடணும். கடற்கரை ஓரம், பொந்தியான், பத்து பகாட் பக்கம் அமில மண் உண்டு, அது சாதாரணச் சிமெண்டைத் தின்றுவிடும். அங்கே உள்ள கோயில்கள் இதைக் கேட்டுச் செய்யுங்கள்.

வாய் அகலமான பழைய கிணற்றுக்கு வேறு முறை. அடியில் உள்ள குப்பையை வாரி எடுத்து, குளோரின் போட்டு, தண்ணீர் நிற்கிற உயரம் வரைக்கும் சுத்தமான மணலும் சரளையும். நிலத்தடித் தண்ணீர் பழையபடி அதன் வழியாய் ஓடட்டும். அதற்கு மேல் களிமண், அடி அடியாய்ப் போட்டு இடித்து இடித்து. மேலே மூன்று நாலு அடிக்கு உறையை உடைத்து எடுத்துவிடணும். இதைப் பல பேர் செய்வதில்லை. உறையை அப்படியே விட்டால் அதன் வெளிப்பக்கமாய் மழைத்தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். உடைத்த இடத்தில் கிணற்றை விட அகலமாய்க் களிமண் தொப்பி, கொஞ்சம் மேடாக. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம்: சுத்தம் பண்ணுகிறோம் என்று யாரும் உள்ளே இறங்காதீர்கள். பழைய கிணற்றில் பிராணவாயு இருக்காது. முதலில் இறங்கினவரைத் தூக்கப் போய் இரண்டாவது மூன்றாவது ஆளும் போன கதைகள் எத்தனையோ.

இப்போது அம்மாமார்களின் கேள்வி. கிணற்றை மூடினால் பாவமா? "கிணறு மூச்சு விடணும், ஒரு குழாயாவது விட்டு வையுங்கள்" என்று பலர் சொன்னீர்கள். சீன நண்பர்களும் இதையே சொல்கிறார்கள். அந்த மரியாதையை நாங்கள் மதிக்கிறோம். கங்கா பூஜை செய்து, கடைசிக் குடம் எடுத்து அம்மனுக்கு அபிஷேகம் பண்ணிவிட்டுத்தான் வேலை தொடங்கும், குருக்கள் ஐயாவிடம் பேசியாயிற்று. ஆனால் தண்ணீர் வரைக்கும் இறங்குகிற குழாயை விட்டு வைத்தால் நாம் பதினான்கு மூட்டையும் களிமண்ணும் போட்டு அடைத்ததை நாமே திறந்து வைத்த மாதிரி. மனசு கேட்கவில்லை என்றால், களிமண் தொப்பிக்கு மேலே ஒரு சாண் குழாயை நட்டு, அதன் பக்கத்தில் துளசி வைக்கலாம். அந்தக் குழாய் களிமண்ணோடு நின்றுவிடும். குருக்கள் ஐயாவும் இதற்குச் சம்மதித்தார்.

கூட்டத்தில் முடிவானது இதுதான். குழாய்க் கிணற்றை முழுதாய் அடைக்கிறோம். பெரிய கிணற்றை மூடப் போவதில்லை. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், நன்றாய் இருந்தால் உறையைப் பழுது பார்த்து, புது மேடை கட்டி, பூட்டு போட்ட கம்பிக் கூண்டு வைத்து அபிஷேகத்துக்கு மட்டும் பயன்படுத்துவோம். நன்றாய் இல்லை என்றால் மேலே சொன்ன முறைப்படி மூடுவோம். நிலத்தடித் தண்ணீர் விஷயம் என்பதால் மாநிலத் தண்ணீர் வாரியத்துக்கும் கனிமப் புவியியல் இலாகாவுக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம். அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் நடக்கும்.

இன்னொரு வேலை பாக்கி. நம்ம பழைய தோட்டத்தில் மொத்தம் எத்தனை கிணறு இருந்தது? அஞ்சாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் ஒன்று, ஆஸ்பத்திரிக் கிணறு, கிராணி வீட்டுக் கிணறு, பால் ஸ்டோர் பக்கம் ஒன்று, இது வரைக்கும் நாலு எழுதியிருக்கிறோம். அந்த நிலத்தில் இப்போது வீடுகள் வரப் போகின்றன. பொக்கே வந்து தரையைச் சமன் பண்ணினால் அடையாளம் போய்விடும், மண்ணுக்குள்ளே குழி மட்டும் இருக்கும். அங்கே பிறந்து வளர்ந்த ஐயாமார்கள், அம்மாமார்கள் யாராவது கிணறு இருந்த இடம் ஞாபகம் இருந்தால், எந்த மரத்துப் பக்கம், எந்த பாரிட் ஓரம் என்று, வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது ஆபீசில் சொல்லுங்கள். நீல நிற நோட்டு மேசை மேலேயே இருக்கும். நடக்க முடிந்தவர்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியில் கூட்டிப் போய் இடத்தைக் காட்டச் சொல்லி, கம்பம் நட்டுச் சிவப்புத் துணி கட்டி வருவோம். குடை கொண்டு வாருங்கள், நிழல் கிடையாது.